பச்சையாகத் தெரிவதெல்லாம்

தமிழில் 'தெரியும்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. மலை தெரிகிறது என்றால் கண்ணுக்கு. விஷயம் தெரியும் என்றால் அறிவுக்கு. பேச்சில் இரண்டும் ஒட்டிக்கொண்டேதான் வரும். "அங்கிருந்து பார்த்தா எல்லாம் தெரியும்" என்று ஒருவர் சொன்னால், அவர் காட்சியைச் சொல்கிறாரா விவரத்தைச் சொல்கிறாரா என்பதைப் பேச்சு நடக்கும் இடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முப்பரிமாண வரைபட மென்பொருள்களில் இந்த முதல் தெரிதலை மட்டும் கணக்குப் போட்டுத் தரும் கருவி ஒன்று இருக்கிறது. இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளி தெரியுமா என்று கேட்டால், நடுவில் ஒரு கோடு போடும். தெரியும் பகுதி பச்சை, மறையும் பகுதி சிவப்பு. இதற்குப் பார்வைக்கோடு என்று பெயர். இதையே ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளுக்கும் செய்தால் கிடைப்பது வியூஷெட். தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வந்து சேர்கிறது என்று காட்டும் வாட்டர்ஷெட்டைப் பார்த்து வைத்த பெயர். பார்வைப்பரப்பு என்று சொல்லலாம்.

கருவி தருவது முதல் தெரிதல். ஆனால் அந்த வரைபடத்தைக் கையில் வாங்குகிறவர்கள் அதை இரண்டாவது தெரிதலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கோபுரம் எங்கே நிற்கலாம், காற்றாலை யார் வீட்டு ஜன்னலில் வந்து நிற்கும், கேமரா எந்தத் தெருவைப் பார்க்கும் என்பதெல்லாம் இந்தப் பச்சையையும் சிவப்பையும் வைத்துப் பேசப்படுகிறது. அப்படியென்றால் இதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க வேண்டியது அவசியம். இதற்கும் ஒரு கதைசொல்லி உண்டு. அந்தக் கதைசொல்லிக்கு ஓர் உயரம்கூட உண்டு.

1

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ரொம்ப எளிமையான விஷயம்தான்.

நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரத்தை எழுதிவைத்த அட்டவணைதான் அடிப்படை. டிஜிட்டல் உயர மாதிரி என்பார்கள். பார்ப்பவர் ஒரு கட்டத்தில் நிற்கிறார். அவர் கண்ணிலிருந்து கிளம்பி, வழியில் வரும் ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்தக் கோணத்தில் நிமிர்ந்தோ குனிந்தோ பார்க்க வேண்டியிருக்கிறது என்று கருவி கணக்கிடும். இதுவரை வந்த கோணங்களில் எது அதிகம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த கட்டத்தின் கோணம் அதைவிட அதிகமென்றால் அது தெரியும். குறைவென்றால் முன்னால் இருக்கும் மேடு மறைக்கிறது, தெரியாது. அவ்வளவுதான்.

தூரம் கூடினால் பூமியின் வளைவும் சேர்ந்துகொள்ளும். 10 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலம் நம் பார்வை மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7.8 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். காற்று ஒளியைக் கொஞ்சம் வளைத்துக் கீழே இருப்பதை மேலே தூக்கிக் காட்டுவதால், அந்த இறக்கத்தில் 13 சதவீதத்தைக் கழிப்பது வழக்கம். அந்த 0.13 என்ற எண்ணை நிரல் தானாகவே வைத்திருக்கும். மார்கழிக் காலையா சித்திரை மதியமா என்று அது கேட்பதில்லை.

2

இப்போது கதைசொல்லிக்கு வருவோம்.

பார்ப்பவரின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லாவிட்டால், மென்பொருள் தானே ஓர் உயரத்தை எடுத்துக்கொள்ளும். ஆர்க்ஜிஐஎஸ்ஸில் பழைய வியூஷெட் கருவிக்கு அது 1 அலகு. கிராஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் 1.75 மீட்டர். ஜிடால் கருவியில் 2 மீட்டர். 1.75-இல் கண் இருக்க வேண்டுமென்றால் ஆள் 1.85 மீட்டராவது இருக்கணும். நம் ஊர் பஸ்ஸில் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும், சக்கர நாற்காலியில் இருப்பவரும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் இதில் வர மாட்டார்கள். மாற்றிக்கொள்ள முடியும், வசதி இருக்கிறது. ஆனால் நிரலின் இயல்புநிலை என்பது அதை எழுதியவர்கள் யோசிக்காமலேயே யாரை மனிதர் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதன் பதிவு.

இதைவிட முக்கியமானது இன்னொரு எண். பார்க்கப்படுகிற பொருளின் உயரம். நான் சொன்ன மூன்று மென்பொருள்களிலும் அதன் இயல்புநிலை 0. பார்ப்பவருக்கு உடம்பு உண்டு, கண் உண்டு. பார்க்கப்படுவது வெறும் தரை.

இதன் விளைவு கணக்கிலேயே தெரியும். நான் உங்களைப் பார்க்க முடிந்தால் நீங்களும் என்னைப் பார்க்க முடியும் என்பது அன்றாட அனுபவம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும்போது எதிர்வீட்டுக் கண்ணில் மாட்டிக்கொள்வது அதனால்தான். ஒருவருக்கு 1.75-உம் மற்றவருக்கு 0-உம் கொடுத்துவிட்டால் அந்தச் சமன் உடைந்துவிடுகிறது. என் இடத்திலிருந்து உங்கள் இடத்துக்குக் கணக்குப் போட்டால் பச்சை வரும். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் சிவப்பு வரலாம். கருவியில் தவறில்லை. ஆனால் பார்ப்பவர் ஒரு பக்கம், பார்க்கப்படுவது ஒரு பக்கம் என்று முன்கூட்டியே பிரித்துவைத்த இலக்கணத்தில்தான் அது எழுதுகிறது. கண்காணிப்புக் கோபுரம் வைப்பவருக்கு இந்த இலக்கணம் வசதியானது. கோபுரத்தின் கீழே குடியிருப்பவர் கேட்க விரும்பும் கேள்வியை இதில் கேட்க, எல்லா எண்களையும் கையால் மாற்ற வேண்டும்.

3

பச்சையும் சிவப்பும் சம பலமுள்ள பதில்கள் போலத் திரையில் நிற்கின்றன. என் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான்: அவை சமம் இல்லை.

மரமும் கட்டடமும் இல்லாத வெற்று நிலத்தின் உயர மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் இடம் சிவப்பு என்றால் நடுவில் மண்ணும் பாறையும் மறைக்கின்றன என்று அர்த்தம். மேலே மரம் வளர்ந்தால் இன்னும்தான் மறையும். ஆகவே சிவப்பை, உயர அளவீட்டில் பிழை இல்லாதவரை, நம்பலாம். பச்சை அப்படி இல்லை. நிலம் மறைக்கவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. தென்னந்தோப்பு மறைக்கலாம், மாடிவீடு மறைக்கலாம், பனிமூட்டம் மறைக்கலாம். சிவப்பு ஒரு முடிவு. பச்சை வெறும் வாய்ப்பு.

தூரத்தையும் பச்சை மறந்துவிடுகிறது. நல்ல கண் பிரித்தறியும் அளவு சுமார் ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு. 10 கிலோமீட்டர் தள்ளி அது ஏறக்குறைய 3 மீட்டர். அதைவிடச் சின்னப் பொருளை அங்கே அடையாளம் காண்பது கஷ்டம். ஆனால் 100 மீட்டரில் இருக்கும் பச்சையும் 10 கிலோமீட்டரில் இருக்கும் பச்சையும் ஒரே பச்சை.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பீட்டர் ஃபிஷர் என்ற புவித்தகவல் ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்திலேயே இதைத் தோண்டிவிட்டார். ஒரே நிலத் தரவை வெவ்வேறு மென்பொருள்களில் போட்டால் வெவ்வேறு பார்வைப்பரப்பு வருகிறது என்று 1993-இல் காட்டினார். ஆம், இல்லை என்பதற்குப் பதிலாக நிகழ்தகவாகவோ, தூரம் போகப்போக மங்கும் விதமாகவோ காட்டலாம் என்றும் வாதிட்டார். இத்தனை வருஷம் கழித்தும் பட்டனை அழுத்தினால் முதலில் வருவது ஓரங்கள் கத்தரித்தது போன்ற இரண்டு வண்ணம்தான்.

தரவையும் பாருங்கள். உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் அதிகம் புழங்கியது 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாளில் ராடார் வைத்து எடுத்தது. ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். அதற்குள் ஒரு சின்னத் தெருவே அடங்கிவிடும். உயரத்தில் 16 மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்பதுதான் அந்தத் திட்டம் தனக்கு வைத்துக்கொண்ட எல்லை. நடைமுறையில் பல இடங்களில் அதைவிட நன்றாகவே வந்திருக்கிறது. ஆனாலும் காவிரி டெல்டா போன்ற சமவெளியில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசமே சில மீட்டர்தான். அங்கே போட்ட வியூஷெட்டில் நீங்கள் பார்ப்பது நிலத்தையா, பிழையையா?

4

டெல்டா என்றதும் ஒரு பழைய பார்வைக்கோடு ஞாபகத்துக்கு வரணும்.

1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஒரு அடிக்கோட்டை அளந்து, பிறகு இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் மூடிய பெரிய அளவைப் பணியைத் தொடங்கினார். முக்கோண அளவை என்பதே ஒரு மாபெரும் 'தெரியுமா' கேள்விதான். மூன்று முனைகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மலை இருக்கும் இடத்தில் சுலபம். காவிரிச் சமவெளியில் மலை இல்லை, பனையும் தென்னையும்தான் இருந்தன. அவர் கோயில்களின் மேல் ஏறினார்.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு, 60 மீட்டருக்கு மேல் உயரம், அவருடைய அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். கயிறு கைவிட்டது. கருவி சுவரில் மோதி, கோணம் அளக்கும் வட்டம் நெளிந்துபோனது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், கங்கைச் சமவெளியில் கோபுரங்களையே கட்டினார். கோட்டின் குறுக்கே நின்ற மரங்கள் வெட்டப்பட்டன, குடிசைகள் அகற்றப்பட்டன. பகலில் தெரியாத தூரத்து முனை, இரவில் விளக்கேற்றினால் காற்றின் வளைவால் மேலெழுந்து தெரிந்தது. அதையும் பயன்படுத்திக்கொண்டார்கள். நம் மென்பொருளில் 0.13 என்று உறைந்துபோன எண் அவர்களுக்கு இரவு முழுக்கக் கண்விழிக்கும் வேலையாக இருந்தது.

இதைச் சொல்வது அந்தக் காலம் நல்லது என்பதற்காக இல்லை. அது கம்பெனி ஆட்சியின் அளவை. மரம் யாருடையது, குடிசை யாருடையது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அங்கே ஒரு கோடு தெரிவதற்கு என்ன விலை என்பது கண்ணெதிரில் இருந்தது. வெட்டிய மரம் கிடந்தது. இப்போது கோடு இலவசமாக வருகிறது. குறுக்கே நிற்கும் மரத்தை வெட்டக்கூடத் தேவையில்லை. தரவிலேயே அது இல்லை.

5

பார்வைக்கோட்டுச் சிந்தனை மிகக் கவனமாகக் கையாளப்பட்ட இடத்திலும் எப்படிச் சறுக்கும் என்பதற்கு லண்டன் நல்ல உதாரணம். ரிச்மண்ட் பூங்காவில் எட்டாம் ஹென்றி மேடு என்று ஒன்று இருக்கிறது. வேலியில் கத்தரித்துவிட்ட ஒரு இடைவெளி வழியாகப் பார்த்தால் 16 கிலோமீட்டர் தள்ளி செயிண்ட் பால் தேவாலயத்தின் கும்மட்டம் தெரியும். அந்தக் காட்சிக்கு லண்டன் நகரத் திட்டத்தில் சட்டப் பாதுகாப்பு உண்டு. நடுவில் யாரும் உயரமாகக் கட்டிவிட முடியாது. பின்னணிக்கும் விதிகள் இருந்தன.

2016-இல் கும்மட்டத்துக்குப் பின்னால் ஒரு கட்டடம் முளைத்தது. பல கிலோமீட்டர் கிழக்கே, ஸ்ட்ராட்ஃபோர்டில், 42 மாடி. கோட்டின் நடுவில் எதுவும் வரவில்லை. கும்மட்டம் இன்னமும் தெரிகிறது. கருவியைக் கேட்டால் இப்போதும் பச்சை என்றுதான் சொல்லும். ஆனால் வானத்தின் முன்னால் தனியாக நின்ற வடிவம் இப்போது இன்னொரு வடிவத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பூங்காவை நேசிப்பவர்கள் கொதித்துப்போனார்கள்.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வரைந்த கோடு இரண்டாவது புள்ளியோடு முடிந்துவிடும். கண் அங்கே நிற்பதில்லை, அது அதைத் தாண்டியும் போகும். ஒரு பொருள் 'தெரிவது' என்பதில் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் சேர்த்தி. கறுப்பு மையைக் கறுப்புத் தாளில் எழுதினால் எழுத்தை யாரும் மறைக்கவில்லை, ஆனாலும் தெரியாது.

6

அப்படியென்றால் கருவியைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். ஒரு சமவெளிக் குவாரியோ, மலை உச்சிக் கோபுரமோ 'உங்கள் ஊரிலிருந்து தெரியவே தெரியாது' என்று யாராவது அளந்தால், ஒரு மாணவி மடிக்கணினியில் க்யூஜிஐஎஸ் வைத்துப் பத்து நிமிஷத்தில் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். லாம்டனுக்கு ஒரு படை தேவைப்பட்ட வேலை அது. அதிகாரம் வைத்திருந்த கேள்வி தெருவுக்கு இறங்கிவந்திருக்கிறது. இந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

பிரிட்டனில் காற்றாலைக்கு அனுமதி கேட்பவர்கள் இதே வரைபடத்தைத் தாக்கல் செய்யும்போது அதற்கு 'கோட்பாட்டளவில் தெரியும் பரப்பு' என்று தலைப்புப் போடுகிறார்கள். கோட்பாட்டளவில் என்ற ஒரு சொல் எவ்வளவு நேர்மையான வேலையைச் செய்கிறது, பாருங்கள். அந்தச் சொல்லுக்காகவே அங்கே வரைபடத்தோடு நிற்காமல், ஆள் நேரில் போய் எடுத்த புகைப்படங்களையும் சேர்க்கச் சொல்கிறார்கள்.

ஒரு விமர்சகராக நான் கேட்பதும் அவ்வளவு பெரிய திருத்தம் இல்லை. ஓரத்தில் இருக்கும் வண்ண விளக்கத்தை மட்டும் மாற்றி எழுதச் சொல்வேன். சிவப்புக்குப் பக்கத்தில் 'தெரியாது' என்று இருப்பதை 'நிலம் மறைக்கிறது' என்று மாற்றலாம். பச்சைக்குப் பக்கத்தில் 'தெரியும்' வேண்டாம். அங்கே 'நிலம் மறைக்கவில்லை, மற்றதைப் போய்ப் பார்த்துச் சொல்லவும்' என்று இருக்கட்டும்.