சான்றும் கோட்பாடும்: றிச்மண்ட் அம்மையாரின் ‘சமூக நோய்நாடல்’

மருத்துவக் கல்லூரிகளைப் பற்றிய 1910 ஆம் ஆண்டு அறிக்கையாற் புகழெய்திய ஏபிரகாம் பிளெக்ஸ்னர், சமூகப்பணி ஓர் உயர்தொழிலாகாதென 1915 இல் போல்ற்றிமோர் நகரிற் கூடிய அறப்பணி மாநாட்டிற் கூறினார். ஈராண்டின் பின் வெளிவந்த மேரி றிச்மண்ட் அம்மையாரின் ‘சமூக நோய்நாடல்’ அக்கூற்றுக்கு விடையெனக் கொள்ளப்படுவதுண்டு. அந்நூல் அம்மாநாட்டின் முன்னரே உருவாகி வந்ததாகலின் அது முற்றும் பொருந்தாது. எனினும் விடையாக அமைந்தமை மெய்யே.

உதவி நாடி வந்தோரின் நிலையை மதிப்பிடுவோர் எதனை நம்புதல் வேண்டும்? இதுவே நூலின் வினா. அம்மையார் சட்டத்துறையின் சான்றியலைத் துணைக்கொண்டு, நேரிற் கண்டது, பிறர் கூறக் கேட்டது, சூழ்நிலையால் அறியப்படுவது எனச் சான்றுகளை வகுத்தார். சான்று வேறு, அதனின்று செய்யும் அநுமானம் வேறு என அவர் வற்புறுத்தியதே நூலின் தலையாய சிறப்பாகும். உறவினர், ஆசிரியர், மருத்துவர், தொழில் கொடுப்போர், அயலவர் ஆகியோரிடம் செய்தியறியும் முறைகளை விரிக்கும் அதிகாரங்கள் இன்றும் கற்கத்தக்கன. ஆயின், திரட்டுதற்கு இத்துணை வழி கூறிய நூல், திரட்டியவற்றுள் எது பெரிது, எது சிறிது என நிறுக்கும் கோலைத் தரவில்லை.

அவ்வெற்றிடத்திற் புகுந்தது புறொய்டின் உளப்பகுப்பாய்வு. மனிதர் தம் துன்பத்தின் காரணத்தைத் தாமே அறியாதிருத்தல் கூடும் என்னும் உண்மையை அது உணர்த்தியது. அந்நன்மையை மறுத்தல் ஆகாது. கேடு விளைந்தது, கோட்பாடு சான்றினை முந்தியபோது. வீட்டு வாடகை கொடுக்க வழியின்றி ஒரு தாய் வருகின்றாள் எனக் கொள்வோம். அவள் கேட்பது பணம். மதிப்பீட்டு ஏட்டில் ஏறுவதோ ‘பிறரைச் சார்ந்து நிற்கும் இயல்பு’. அநுமானம் சான்றின் உடையை உடுத்து நிற்கின்றது. அடுத்து அவ்வேட்டைப் படிப்பவர் அதனை உண்மையென்றே கொள்வர்.

பென்சில்வேனியாவிற் றோன்றிய செயற்பாட்டு நெறியினர் 1930களில் நோய்நாடலையே ஒதுக்கினர். இது காய்ச்சலுக்கு அஞ்சி நாடி பார்த்தலைக் கைவிட்டது போலும். சிக்காகோவின் கெலன் பேள்மன், 1957 இல், வந்தவர் கொணர்ந்த பிரச்சினையையே தொடக்கமாகக் கொள்ளல் வேண்டுமென்றார். இது செம்மையான திருத்தம். ஈராண்டின் பின் இங்கிலாந்தின் பார்பரா வூட்டன், உளநிலை ஆராய்ச்சியை விடுத்து, கிடைக்கக்கூடிய உதவிகளைப் பெற வழிகாட்டுதலே மேலென வன்மையாகக் கண்டித்தார். அவர் கண்டனம் நேரியது, தீர்வோ குறுகியது. வாடகை கேட்டு வந்தவள் கணவனின் குடியை அச்சத்தால் மறைத்திருப்பின், வழிகாட்டியின் பட்டியலில் அவ்வச்சத்திற்கு இடம் ஏது?