ஓடந்துறையின் காற்றாலையும் ஊராட்சியின் கணக்கும்

கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஓடந்துறை ஊராட்சி 2006-இல் சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. அதன் திறன் 350 கிலோவாட், விலை 1.55 கோடி ரூபாய். 40 லட்சத்தை ஊராட்சி தன் சேமிப்பிலிருந்து போட்டது, மீதி 1.15 கோடிக்கு வங்கியில் கடன் வாங்கியது. ஆலை நிற்பது ஊருக்குள் இல்லை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தடையில்லாமல் வரும் உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில். 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் முயற்சி இது. இதைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள், பத்திரிகைகள் பாராட்டின. அந்தப் பாராட்டு நியாயமானதுதான். ஆனால், எதைப் பாராட்டுகிறோம் என்பதில் எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. ஓடந்துறையைப் 'பசுமை ஊராட்சி' என்று சொல்வதைவிட, தன் செலவுக் கணக்கை ஒழுங்காகப் படித்த ஊராட்சி என்று சொல்வதே பொருத்தம். அதன் பலம் அங்கேதான் இருக்கிறது. குறையும் அங்கிருந்தே பிறக்கிறது.

ஒரு கிராம ஊராட்சியின் அன்றாடப் பணி தண்ணீர் விடுவது, தெருவிளக்கு எரிய வைப்பது, குப்பை அள்ளுவது. இவற்றில் முதல் இரண்டும் மின்சாரத்தில் ஓடுபவை. புதிதாக ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டினால் புது மோட்டார் வேண்டும்; நாலு தெரு கூடினால் விளக்குக் கம்பங்களும் கூடும். வசதி பெருகப் பெருக கரன்ட் பில்லும் ஏறும். இந்தச் சுமை எவ்வளவு பெரிது என்பதற்கு அரசின் ஏற்பாடே சான்று: மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்கான தொகையும் கட்டவென்றே தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு 'இரண்டாம் எண் கணக்கு' என்று தனி வங்கிக் கணக்கு உண்டு. பெரும்பாலான தலைவர்களுக்கு அந்தக் கணக்கு வந்த வழியே போகும் பணம். ஓடந்துறையோ அதைக் குறைக்கக்கூடிய செலவாகப் பார்த்தது. காற்றாலைக்கு முன்பே மரக்கழிவை எரித்து வாயுவாக்கும் கலன் ஒன்றை நிறுவி, அதைக் கொண்டு குடிநீர் மோட்டாரை ஓட்டியது. காற்றாலை அந்தச் சிந்தனையின் அடுத்த படி.

இனி எண்களைப் பார்ப்போம். ஆலை ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் தரும், ஊராட்சியின் தேவை 4.5 லட்சம், மிஞ்சுவதை மின்வாரியத்துக்கு விற்று ஆண்டுக்கு 19 லட்சம் சம்பாதிக்கிறது என்றே பல செய்திகள் எழுதின. இது பொருந்தாது. 2006-இல் புதிய காற்றாலைகளுக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்த விலை யூனிட்டுக்கு 2.90 ரூபாய். மிஞ்சும் 2.25 லட்சம் யூனிட்டுக்கு ஆறரை லட்சம்தான் வரும். மொத்த உற்பத்தியையும் பெருக்கினால்தான் பத்தொன்பதரை லட்சம் வருகிறது. ஆகவே அந்த 19 லட்சம் ஆலை தரும் மின்சாரம் முழுவதன் மதிப்பு. அதிலிருந்து வட்டியும் தவணையும் பராமரிப்பும் போக வேண்டும். 1.15 கோடிக் கடனுக்கு இந்த வரவையெல்லாம் கட்டினாலும் அது அடைபட ஏழெட்டு ஆண்டுகள் பிடிக்கும். இதனால் திட்டத்தின் பெருமை குறையவில்லை. கடன் தீர்ந்த பிறகும் பல ஆண்டுகள் சுழலக்கூடிய ஒரு சொத்து ஊரின் பெயரில் இருக்கிறது என்பதே பெரிய செய்தி. ஆனால், முதல் ஆண்டிலிருந்தே லாபம் கொட்டும் என்று நம்பி இன்னொரு ஊராட்சி இறங்கினால், இரண்டாம் ஆண்டிலேயே தடுமாறும்.

எங்கோ தொலைவில் ஆலை வைத்து வருமானம் பார்ப்பது முதலீடுதானே, இதில் சுற்றுச்சூழல் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரியானது, ஆனால், காற்றில் விளைந்த ஒவ்வொரு யூனிட்டும் நிலக்கரியில் விளைய வேண்டிய ஒன்றைக் குறைக்கிறது. அது மைவாடியில் விளைந்ததா ஓடந்துறையில் விளைந்ததா என்பது மின்தொகுப்புக்குப் பொருட்டல்ல. இன்னொன்றும் இருக்கிறது. சொந்த ஆலை இருந்தால் மின்சாரத்தை வீணாக்கத் தோன்றும் என்ற அச்சம் இங்கே பொருந்தாது. மிச்சமாகும் யூனிட்டுக்கு விலை கிடைக்கும்போது, பகலில் எரியும் தெருவிளக்கும் நிரம்பி வழியும் தொட்டியும் ஊராட்சிக்கு நேரடி நட்டம். மின்வாரியமே பெரிய ஆலைகள் வைத்து ஊராட்சிகளுக்குச் சலுகை விலையில் தரலாமே என்ற வாதத்தில் விடுபடுவது இந்த அக்கறைதான். சலுகை விலை பில்லைக் குறைக்கும், ஆனால் ஊரார் கையில் ஒரு சொத்தைத் தராது.

எனக்குத் தீராத ஐயம் வேறு இடத்தில் இருக்கிறது. பில்லாக வரும் செலவைக் குறைக்க ஓர் ஊராட்சி எவ்வளவு முனைப்புக் காட்ட முடியும் என்பதை ஓடந்துறை காட்டிவிட்டது. பில்லே வராத சேதங்களை என்ன செய்வது? நிலத்தடி நீர் ஐம்பது அடி இறங்கினால் யாரும் ரசீது அனுப்புவதில்லை. பிளாஸ்டிக்கை ஓடையோரம் கொட்டி எரித்தாலும், கழிவுநீர் ஆற்றில் கலந்தாலும் அந்தச் செலவு ஊராட்சியின் எந்தக் கணக்கிலும் ஏறாது. அடுத்த ஊர்க்காரன் தண்ணீரில் ஏறும், தூய்மைக் காவலரின் நுரையீரலில் ஏறும். வரவு-செலவை அளவுகோலாக்கும் ஊராட்சி இவற்றைக் கடைசியில் வைப்பது இயல்பு. காற்றாலையைப் படம் எடுத்துப் போடுவது எளிது. மட்கும் குப்பையை வீட்டுக்கு வீடு தினமும் பிரித்து வாங்கும் வேலை எந்தப் படத்திலும் வராது, வருமானமும் பெரிதாகத் தராது. சுற்றுச்சூழல் பொறுப்பில் பாதிக்கு மேல் அந்த வேலைதான். ஆகவே காற்றாலை வருமானத்தில் ஒரு பங்கை, வருமானமே தராத இந்தப் பணிகளுக்கென்று கிராம சபைத் தீர்மானத்தால் கட்டிப்போட வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாவது குறை ஓடந்துறையின் தவறல்ல, நம் அமைப்பின் தவறு. ஒரு காற்றாலையின் ஆயுள் இருபது ஆண்டுகளுக்குக் குறையாது. ஊராட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு. அது முடிந்ததும் அடுத்த மன்றம் வரும் என்பதும் நிச்சயமில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின் 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை; தனி அலுவலர்களே பொறுப்பில் இருந்தார்கள். அடுத்து வந்த மன்றங்களின் காலமும் முடிந்து, கோவை உள்ளிட்ட பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரியில் மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் ஓர் அதிகாரி, எங்கோ நிற்கும் ஆலையின் பழுதுக்கும் மின்வாரியத்திடம் வர வேண்டிய பாக்கிக்கும் எவ்வளவு அலைவார்? திறமையான தலைவர் ஒருவர் பத்தாண்டு தொடர்ந்து இருந்ததால் ஓடந்துறைக்கு இது கைகூடியது. 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ள மாநிலத்தில், இருபது ஆண்டு கழித்தும் எடுத்துக்காட்டுக்கு அதே ஊரின் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. சேமிப்பாக 40 லட்சம் வைத்திருக்கும் ஊராட்சிகள் குறைவு என்பது உண்மை. ஆனால், ஓர் ஒன்றியத்தின் ஊராட்சிகள் கூட்டாகச் சேர்ந்தால் அந்தத் தொகை எட்டாததல்ல. கூட்டாகக் கடன் வாங்கவும், சொத்தைப் பதிவு செய்யவும், மன்றம் கலைந்திருக்கும் காலத்திலும் ஆலையைப் பார்த்துக்கொள்ள ஒரு நிலையான குழுவை வைத்துக்கொள்ளவும் எளிய நடைமுறை வேண்டும். அதை வகுத்துத் தர வேண்டியது ஊரக வளர்ச்சித் துறை.