அடைக்கலானும் தகைவிலானும்: தமிழ் விவிலியத்தின் பறவை நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இயற்கையை மனிதப் பயன்பாட்டுக்குரிய பொருளாக மட்டுமே கிறித்தவம் காண்கிறது என்னும் குற்றச்சாட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வுலகில் நிலவுகிறது. விவிலியத்தில் பறவைகள் இடம்பெறும் சில பகுதிகளைத் தமிழ் மொழிபெயர்ப்பில் அமைந்த பறவைப் பெயர்களின் துணையோடு வாசித்து, அக்குற்றச்சாட்டை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அப்பகுதிகளில் பறவை உவமைப் பொருளாகக் கரைந்துவிடாமல் தன் இயல்போடு நிற்கிறது என்பதும், அதைக் கூர்ந்து காண்பதே சமயக் கடமையாகச் சொல்லப்படுகிறது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: விவிலியம், பறவைப் பெயர்கள், மொழிபெயர்ப்பு, குறுந்தொகை, சூழலியல் திறனாய்வு.

முன்னுரை

அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 1967இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, இன்றைய சூழல் நெருக்கடியின் வேர்களை மேலைக் கிறித்தவத்தில் கண்டது. உலகச் சமயங்களுள் மனிதனை மிகுதியாக மையப்படுத்துவது அதுவே என்பது அவர் முடிவு. ஆகாயத்துப் பறவைகளையும் ஆண்டுகொள்ளுமாறு மனிதனுக்குச் சொல்லும் ஆதியாகமம் 1:28 இவ்விவாதத்தில் இன்றுவரை மேற்கோளாகிறது. பறவைகளைவிட நீங்கள் மேலானவர்கள் என்ற கருத்தில் அமைந்த இயேசுவின் சொற்களும் இக்குற்றச்சாட்டுக்கு வலுச் சேர்ப்பனபோல் தோன்றுகின்றன.

ஒரு நூலின் இயற்கை நோக்கை அதன் கட்டளை வசனம் ஒன்றைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. அந்நூல் ஓர் உயிரை எப்படிப் பெயரிட்டு அழைக்கிறது, எந்த இடத்தில் நிறுத்துகிறது, அதன் எந்த இயல்பைக் கவனித்துச் சொல்கிறது என்பனவும் அளவுகோல்களாதல் வேண்டும். தமிழ்த் திருச்சபைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பு இவ்வாசிப்புக்கு மூலமாகக் கொள்ளப்படுகிறது.

பிரிவும் கூடும்

சங்கீதம் 84 ஆலயத்தை நாடும் பயணியின் ஏக்கப் பாடல். ஆலய முற்றங்களைக் காணத் தன் உயிர் தவிப்பதைச் சொல்லும் பாடகன், மூன்றாம் வசனத்தில் ஒரு சிறு காட்சிக்குத் திரும்புகிறான். பலிபீடங்களின் அருகே அடைக்கலான் குருவிக்கு வீடு கிடைத்திருக்கிறது. தகைவிலான் குருவிக்குக் குஞ்சுகளை வைக்கக் கூடு கிடைத்திருக்கிறது. தான் சேராத இடத்தைக் குருவி சேர்ந்துவிட்டது என்னும் ஏக்கம் வெளிப்படையாகச் சொல்லப்படாமல் காட்சிக்குள் நிற்கிறது.

தமிழ் வாசகர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. குறுந்தொகையின் 46ஆம் பாடலில், தலைவனைப் பிரிந்த தலைவி மாலைப்பொழுதில் வீட்டுக் குருவியைக் காண்கிறாள். அது முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, எருப்புழுதியில் குடைந்து ஆடி, வீட்டு இறைப்பில் தன் குஞ்சுகளோடு தங்குகிறது. இத்தகைய மாலையும் தனிமையும் அவர் சென்ற நாட்டில் இல்லையோ என்று அவள் தோழியிடம் கேட்கிறாள். இரு பாடல்களிலும் பார்ப்பவர் பிரிவில் இருக்கிறார்; பார்க்கப்படும் குருவியோ குஞ்சுகளோடு கூட்டில் இருக்கிறது. குருவியின் நிறைவே மனிதரின் குறையை அளக்கும் கோலாகிறது.

வேறுபாடு, கூடு அமைந்த இடத்தில் உள்ளது. குறுந்தொகைக் குருவி வீட்டு இறைப்பில் தங்குகிறது. சங்கீதக் குருவியோ பலிபீடத்தருகே தங்குகிறது. அப்பீடம் பறவைகளும் பலியாகும் இடம். காட்டுப்புறாவும் புறாக்குஞ்சும் காணிக்கைக்கு உரியவை என்று லேவியராகமம் விதிக்கிறது. ஆட்டுக்குட்டி கொடுக்க இயலாத ஏழைத் தாய்க்கு உரிய காணிக்கையும் அவையே. குழந்தை இயேசுவுக்காக மரியாள் செலுத்த வேண்டியிருந்ததும் அதுவே என்பதை லூக்கா 2:24 காட்டுகிறது. பறவையின் குருதி சிந்தும் இடத்திலேயே வேறொரு பறவை அச்சமின்றிக் குஞ்சு பொரிக்கிறது. பாடகன் அதைத் தூய்மைக்கேடாகக் கருதவில்லை. விரட்டப்படாத அக்கூட்டையே இறைவனின் பரிவுக்குச் சான்றாகக் காண்கிறான்.

பெயர் தரும் பொருள்

எபிரேய மூலத்தில் முதற் பறவையைக் குறிக்கும் 'சிப்போர்' என்பது சிறு பறவைகளுக்குரிய பொதுச்சொல். தமிழ் மொழிபெயர்ப்பு அதனை அடைக்கலான் குருவி என்று வரையறுக்கிறது. வீட்டை அண்டி வாழும் சிட்டுக்குருவிக்குத் தமிழர் இட்ட பெயர்களுள் ஒன்று அது. பேச்சில் அடைக்கலாங்குருவி என வழங்கும். அடைக்கலம் தேடும் பயணியின் பாடலில் அடைக்கலத்தைப் பெயரிலேயே தாங்கிய பறவை வருவது மூலத்தில் இல்லாத ஒரு நயம். மொழிபெயர்ப்பு மூலத்தின் பொருளைத் திரிக்காமல் கூட்டியிருக்கிறது எனலாம்.

இரண்டாம் பறவையின் பெயர் இன்னும் நுட்பமானது. மூலத்தில் உள்ள 'தெரோர்' என்னும் சொல்லுக்கு விடுதலை என்ற பொருளும் உண்டு. ஐம்பதாம் ஆண்டில் அடிமைகளுக்குக் கூறப்படும் விடுதலையை லேவியராகமம் 25:10 இதே சொல்லால் குறிக்கிறது. தமிழில் தகைதல் என்பது தடுத்தல். தகைவு இல்லாதது தகைவிலான். எபிரேயர் விடுதலை என்று கேட்ட அதே பறவையில் தமிழர் தடையின்மையைக் கண்டிருக்கின்றனர். தொடர்பற்ற இரு மொழிகள் ஒரு பறவையின் பறத்தலைப் பார்த்து ஏறத்தாழ ஒரே பெயரைச் சென்றடைந்திருப்பது, இரண்டும் அப்பறவையைக் கூர்ந்து நோக்கியதன் விளைவாகலாம்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெருங்கூட்டமாகத் தமிழகத்துக்கு வலசை வரும் தகைவிலான் இனம் இங்குக் கூடு கட்டுவதில்லை. ஆதலின் தடையின்றித் திரியும் பறவையாகவே அதனை அறிந்த தமிழ் வாசகர்க்கு, அது ஓரிடத்தில் குஞ்சுகளோடு அமர்ந்த காட்சி கூடுதல் அழுத்தம் பெறுகிறது. புகலிடமும் விடுதலையும் முரண்பட்டவை அல்ல என்பதை அடைக்கலானும் தகைவிலானும் ஒரே வசனத்தில் அருகருகே நின்று உணர்த்துகின்றன.

விலையும் மதிப்பும்

மத்தேயு 10:29இல் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள் விற்கப்படுகின்றன. லூக்கா 12:6இல் இரண்டு காசுக்கு ஐந்து. கிரேக்க மூலம் குறிக்கும் காசு 'அசாரியன்'. பதினாறு அசாரியன் ஒரு தெனாரியு, அதாவது கூலியாளின் ஒரு நாள் ஊதியம். மத்தேயுவின் கணக்கில் ஒரு நாள் கூலிக்கு 32 குருவிகள் கிடைக்கும். லூக்காவின் கணக்கில் 40. மொத்தமாக வாங்குவோர்க்கு ஐந்தாம் குருவி கொசுறு. விலையே இல்லாத அந்த ஐந்தாவதும் இறைவனால் மறக்கப்படுவதில்லை என்பதே லூக்காவின் கூற்று.

இதனைத் தொடர்ந்து வரும், மனிதர் குருவிகளைவிடச் சிறந்தவர் என்னும் கருத்து பறவையைத் தாழ்த்துவதாகப் பலரால் வாசிக்கப்படுகிறது. ஆனால் அக்கூற்றின் தருக்கம் சிறியதிலிருந்து பெரியதை நிறுவும் கைமுதிக நியாயம். சிறியதற்கே இத்துணைப் பரிவு எனில் பெரியதற்கு எவ்வளவு என்பது அதன் வடிவம். குருவிக்கு மதிப்பே இல்லையெனில் இத்தருக்கம் சரிந்துவிடும். குருவியின் மதிப்பை மெய்யென்று கொண்டால்தான் மனிதர்க்கான ஆறுதல் நிலைபெறும்.

குருவி விழாது என்று இவ்வசனம் உறுதி கூறவில்லை என்பதும் கருதத்தக்கது. அது விழுகிறது, விழும்போது தனித்து விழவில்லை என்பதே செய்தி. விதைக்காத பறவைகளுக்கு உணவு கிடைப்பதைச் சொல்லும் மத்தேயு 6:26ஐ மேலோட்டமான நம்பிக்கையுரையாகக் கொள்வார்க்கும் இது மறுமொழியாகிறது. அப்பகுதியின் லூக்கா வடிவம் (12:24) பொதுவாகப் பறவைகள் என்னாமல் காகங்களை எடுத்துரைக்கிறது. காகம் லேவியராகமம் 11இன்படி தீட்டான பறவை. மேலும், இரையின்றி அலைந்து கூப்பிடும் காக்கைக் குஞ்சுகளை யோபு 38:41 முன்னரே பதிவு செய்துள்ளது. பசியை அறிந்த மரபின்மேல் நின்றே இயேசுவின் சொல் எழுகிறது.

காலமறியும் நாரை

எரேமியா 8:7இல் ஆகாயத்து நாரை தன் வேளையை அறிகிறது. மக்களோ இறைவனின் நியாயத்தை அறியாதிருக்கின்றனர். இவ்வுவமை வெறும் கற்பனையன்று. மூன்று கண்டங்கள் சந்திக்கும் அந்நிலப்பகுதி பறவைகளின் பெரும் வலசைப் பாதை. கடலின்மேல் வெப்பக் காற்றோட்டம் எழாமையால், அதனைப் பற்றி உயரும் செங்கால் நாரைகள் கடலைத் தவிர்த்து யோர்தான் பள்ளத்தாக்கு வழியே திரளாகச் செல்கின்றன. எரேமியாவின் கேட்போர் ஆண்டுதோறும் கண்ட காட்சி அது.

நாரையின் எபிரேயப் பெயரான 'ஹசிதா', மாறாத அன்பைக் குறிக்கும் 'ஹெசெத்' என்னும் சொல்லோடு வேரால் தொடர்புடையது. அப்பெயர் கொண்ட பறவையும் தீட்டானவற்றின் பட்டியலில் இடம்பெறுகிறது. உண்ணத்தகாத பறவை கற்கத்தக்க பறவையாகிறது. பயன்பாட்டுக்கு அப்பாற்பட்ட மதிப்புக்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. தமிழ் மொழிபெயர்ப்பில் இந்நயம் புலப்படவில்லை. அதே எபிரேயப் பறவை எரேமியாவில் நாரையாகவும் சங்கீதம் 104:17இல் கொக்காகவும் பெயர்க்கப்பட்டிருப்பது ஒரு குறை. தொலைவலசைக்கு அறியப்படாத கொக்கை நாரையின் இடத்தில் வைக்கும்போது இரு பகுதிகளுக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது.

சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாடலோடு இதனை ஒப்பிடலாம். வறுமையுற்ற புலவர் வலசை செல்லும் நாரையிடம் தன் மனைவிக்குச் செய்தி சொல்லி விடுகிறார். அங்கு நாரை மனிதரின் தூது. எரேமியாவில் மனிதர்க்கு எதிரான சாட்சி. இரண்டும் அதன் வலசையை அறிந்தே பாடப்பட்டவை.

யோபுவுக்குக் கிடைத்த விடை

மக்களையும் உடைமையையும் உடல்நலத்தையும் இழந்த யோபு நியாயம் கேட்கிறான். அவனுக்குக் கிடைக்கும் விடையில் காகமும் தீக்கோழியும் பருந்தும் கழுகும் வருகின்றன. தீக்கோழி முட்டைகளைத் தரையில் விட்டுச்செல்லும் அறிவற்ற தாயாகச் சித்திரிக்கப்படுகிறது; ஆயினும் ஓடத் தொடங்கினால் குதிரையையும் அதன்மேல் ஏறியவனையும் அது பரிகசிக்கிறது. இப்பறவையால் மனிதர்க்குப் பாடமும் இல்லை, பயனும் இல்லை. படைத்தவர் அதன் ஓட்டத்தில் மகிழ்கிறார் என்பதைத் தவிர அவ்வருணனைக்கு வேறு நோக்கம் தென்படவில்லை. துன்புறுபவன் உலகின் மையத்திலிருந்து சற்றே விலக்கப்படுகிறான். அவ்விலகலே அவனுக்கு மருந்தாகிறது. மனிதமையப் பார்வை என்னும் குற்றச்சாட்டுக்கு விவிலியத்துக்குள்ளேயே உள்ள வலிய மறுப்பு இப்பகுதி.

பிற்காலக் கிறித்தவ மரபில் அசிசியின் பிரான்சிசு பறவைகளுக்கு அருளுரை ஆற்றிய நிகழ்ச்சி புகழ்பெற்றது. லின் ஒயிட்டே அவரைச் சூழலியலாளரின் காவலராக முன்மொழிந்தார். 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவ்வாறே அறிவித்தார். ஆயினும் அந்நிகழ்ச்சியில் மனிதர் பேசப் பறவைகள் கேட்கின்றன. யோபு 12:7 அதனைத் திருப்பிப்போடுகிறது. ஆகாயத்துப் பறவைகளைக் கேட்டால் அவை அறிவிக்கும் என்கிறது. மரபு தன் மூலத்தைவிட ஓர் அடி பின்னே நிற்கிறது.

முடிவுரை

கூடு, விலை, வலசை, ஓட்டம் ஆகிய நான்கிலும் விவிலியப் பறவை தன் உண்மை இயல்போடு காணப்படுகிறது. உபாகமம் 22:6-7 கூட்டில் குஞ்சுகளோடிருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்கலாகாது என்று விதித்து, அதனைக் காப்போர்க்கு நன்மையையும் நீடித்த நாள்களையும் வாக்களிக்கிறது. பெற்றோரைக் கனம்பண்ணுவோர்க்கு அதே நூல் தரும் வாக்குறுதியும் இதுவே. ஆளுகை வசனத்தை மட்டும் முன்வைக்கும் திறனாய்வு, இவ்விதியையும் உடன்வைத்து எடைபோடுதல் வேண்டும்.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, மத்தேயுவின் குருவியைச் சிட்டுக்குருவி என்கிறது. எளிதில் விளங்கும் பெயர் அது என்பதில் ஐயமில்லை. எனினும் அப்பெயரில் அடைக்கலம் இல்லை. ஓட்டு வீடுகளும் இறைப்புகளும் மறைந்து, நகரங்களில் கூடு கட்ட இடமின்றி அக்குருவி அருகிவரும் காலத்தில் அப்பழம்பெயரும் உடன் மறைவது இரட்டை இழப்பு. பழைய பெயர்களை அடிக்குறிப்பாகவேனும் காத்தல் எதிர்வரும் பதிப்புகளின் கடமை. அடைக்கலான் என்று அழைத்த தலைமுறைக்குத் தன் வீட்டில் அக்குருவிக்கு இடம் தரவேண்டும் என்பது பெயரிலேயே சொல்லப்பட்டிருந்தது.