ஆட்சேபணை யாருடைய சொல்?

எங்க காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் ஒருநாள் காலையில் மனைக்கல் நட்டிருந்தார்கள். தலையில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். நேற்றுவரை தென்னந்தோப்பாக இருந்த இடம். அந்தத் தோப்பின் வரப்பு வழியாகத்தான் எங்க தாத்தாவைத் தூக்கிக்கொண்டு போனோம், அப்பாவையும் தூக்கிக்கொண்டு போனோம். கல் நட்டவர்களிடம் போய்க் கேட்டோம். “அப்ரூவல் வாங்கியாச்சு, மேப்ல பாதை எதுவும் இல்லையே” என்றார்கள். கையிலிருந்த வரைபடத்தையும் விரித்துக் காட்டினார்கள். உண்மைதான். மூன்று தலைமுறையாகப் பிணம் போன பாதை அந்தக் காகிதத்தில் இல்லை. காகிதத்தில் இல்லாத பாதையை யாரும் மறித்ததாகவும் ஆகாதாம்.

பக்கத்தில் நின்ற பெரியம்மா மட்டும், “ஏந் தம்பி, நீ எம்மே படிச்சவன்தானே, அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு” என்றது. நான் படித்தது தமிழ். ஒரு பிரதியில் எழுதியதைப் படி, எழுதாமல் விட்டதையும் சேர்த்துப் படி என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அந்த வாசிப்பு கவிதைக்கும் நாவலுக்கும் மட்டும்தான் என்று நானும் பல வருசம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா கேட்ட பிறகுதான் திட்ட ஆவணங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பிலிருந்து வந்தது.

முதலில் பழைய பிரதிகள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர் ஊராக வரி நீக்கிய நிலங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஊர்நத்தம், குளம், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு என்று அந்தப் பட்டியல் போகிறது. ஆயிரம் வருசத்துக்கு முந்திய நிலப்பயன்பாட்டு ஆவணம் அது. செத்தவனுக்கும் தனி இடம் குறித்த திட்டம். அடுத்து பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். நந்தனார் கதையில் ஆதனூர்ப் புலைப்பாடியை வருணிக்கிறார். சுரைக்கொடி படர்ந்த கூரை, கோழிக்குஞ்சு, நாய்க்குட்டி, மரத்தில் தொங்கும் பறை என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறார். அந்த வருணனையின் அரசியல் மீது நமக்கு ஆயிரம் கேள்வி உண்டு. இருந்தாலும் கல்வெட்டும் காப்பியமும் சேரியை மறைக்கவில்லை. பிரித்தார்கள், பிரித்ததை வெளிப்படையாக எழுதியும் வைத்தார்கள்.

நவீன திட்டப் பிரதி வேறு மாதிரி. சாலையும் சட்டமும் மனைப்பிரிவும் சென்னையைப் பார்த்துத்தான் எங்க பள்ளத்தாக்குக்கு வருகின்றன என்பதால் சென்னையின் முழுமைத் திட்டத்தை எடுத்துப் படித்தேன். முதல் முழுமைத் திட்டம் 1970களில் வந்தது. இரண்டாவது 2008இல் வந்தது, அதன் இலக்கு 2026. மூன்றாவது 2026 முதல் 2046 வரைக்கு என்று தொடங்கப்பட்டது. நிலத்தை வகைப்படுத்தும்போது முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று பிரிக்கிறார்கள். இந்த வகைகளில் ஊர் கிடையாது, சேரியும் கிடையாது. எல்லாம் ஒரே குடியிருப்பு, ஒரே நிறம். இதைச் சமத்துவம் என்று சிலர் சொல்லக்கூடும். தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது, சாக்கடை எந்தத் தெருவில் போய் முடிகிறது என்பதை அந்த ஒரே நிறம் சொல்லாது. தரையில் இருக்கிற கோட்டைக் காகிதத்தில் அழித்துவிட்டால், அந்தக் கோட்டைப் பற்றிக் கேள்வி கேட்பவன் இல்லாத ஒன்றைப் பேசுகிறவனாகிவிடுகிறான். எங்க சுடுகாட்டுப் பாதைக்கு நடந்தது இதுதான்.

அரசுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. 1997இல் சமத்துவபுரம் திட்டத்தை அறிவித்தார்கள். ஒரு குடியிருப்பில் 100 வீடு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. அந்தத் திட்டத்தின் குறைகளை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் அது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். மனைப்பிரிவில் சாதி இருக்கிறது, வீட்டு வரிசையை மாற்றினால்தான் அது அசையும் என்று அரசே எழுதிக்கொடுத்தது. பரிசோதனையாக 100 வீட்டுக்கு ஒப்புக்கொண்ட உண்மையை, லட்சக்கணக்கான வீடுகளைத் தீர்மானிக்கிற முழுமைத் திட்டத்தின் வகைப்பாட்டில் ஏன் விட்டுவிட்டார்கள்?

விட்டதன் விளைவைச் சென்னையில் பார்க்கலாம். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித்தருவது வழக்கமாக இருந்தது. பிறகு அது மாறியது. 2000 முதல் கண்ணகி நகர், அடுத்து செம்மஞ்சேரி, அடுத்து பெரும்பாக்கம். கூவத்திலும் அடையாற்றங்கரையிலும் இருந்த சனங்களை நகரத்தின் தெற்கு விளிம்பில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் வேகமெடுத்தது. இறக்கப்பட்டவர்களில் தலித்துகளே மிகுதி. வகைப்பாட்டில் பெயர் இல்லாத சேரி, ஊருக்கு வெளியே முன்னைவிடப் பெரிதாகக் கட்டப்பட்டது. 2021இல் வாரியத்தின் பெயரை ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாற்றினார்கள். பெயர் மாற்றியதால் வேலைக்குப் போகிற பஸ் தூரம் குறையவில்லை.

இனி எழுதுகோல் யார் கையில் என்பதற்கு வருவோம். 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தத்தின்படி பெருநகரத்துக்குப் பெருநகரத் திட்டக்குழு, மாவட்டத்துக்கு மாவட்டத் திட்டக்குழு. முன்னதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும், பின்னதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமலும் உள்ளாட்சி மன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இருக்க வேண்டும். பஞ்சாயத்தும் நகராட்சியும் போடுகிற திட்டங்களைச் சேர்த்து வைத்துத்தான் பெரிய திட்டம் எழுத வேண்டும். காகிதத்தில் இது அழகு. சென்னையிலோ முழுமைத் திட்டத்தை எழுதுவது பெருநகர் வளர்ச்சிக் குழுமம். அதன் தலைமை அமைச்சரிடம் இருந்து வருவது, மேயரிடம் இல்லை. 2022 மார்ச்சில் சென்னை மாநகராட்சிக்கு முதல் தலித் பெண் மேயராகப் பிரியா பொறுப்பேற்றபோது நாமெல்லாம் சந்தோசப்பட்டோம். அதே வருசம் அக்டோபரில் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. நாற்காலி நம் கைக்கு வந்த அதே வருசத்தில், எழுதுகோல் இருக்கிற மேசை ஐந்து மடங்கு பெரிதாகி நாற்காலிக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

கிராமத்தில் நாற்காலியே வரவிடவில்லை என்பது தேனிக்காரர்களுக்குத் தெரிந்த கதை. மதுரைக்கு பஸ் ஏறினால் உசிலம்பட்டி வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பக்கத்தில் இருக்கிற பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996இல் தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டது. 2006 வரை பத்து வருசம் அங்கே முறையான தலைவர் இல்லை. வேட்புமனு போடவிடாமல் செய்தார்கள், அல்லது ஜெயிக்கவைத்து உடனே ராஜினாமா வாங்கினார்கள். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் உடனிருந்த தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள். இதை நாம் மானப் பிரச்சினையாக மட்டும் பேசியிருக்கிறோம். இது திட்டப் பிரச்சினையும்கூட. எந்த ஓடையில் பாலம், எந்தப் புறம்போக்கில் பட்டா, எந்தப் பாதை பதிவேட்டில் ஏறுவது என்று தலித் கை ஒன்று எழுதிவிடக் கூடாது. அதற்காகப் பஞ்சாயத்தே இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று ஆதிக்க சாதி முடிவெடுத்தது. திட்டமிடுதல் எவ்வளவு பெரிய அதிகாரம் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எங்க பள்ளத்தாக்குக்குத் திரும்புகிறேன். தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஒரே சாலையில் கோர்த்த மாதிரி ஊர்கள். 2011 கணக்கெடுப்பிலேயே மாவட்டத்தின் 12 லட்சத்துச் சொச்சம் சனத்தில் பாதிக்குமேல் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். ஐந்தில் ஒருவர் தலித். முல்லைப் பெரியாறு ஒன்று, சாலை ஒன்று, காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற கூலிச் சனமும் ஒன்று. ஆனால் ஆறு நகராட்சி, பேரூராட்சிகள், ஊராட்சிகள் என்று எல்லாம் தனித்தனிக் காகிதம். புறவழிச்சாலை வந்ததும் வயலும் தோப்பும் பிளாட்டாகின்றன. காலனிகள் பெரும்பாலும் வயலை ஒட்டித்தானே இருக்கின்றன, அதனால் முதல் கல் நம் வாசலில்தான் விழும். கிராமசபையில் நான் எழுந்து வளர்ச்சித் திட்டத்தை வாசிக்கச் சொன்னேன். எங்க காலனிக்கு இருந்தது ஒரே வரி: தெருவிளக்கு. இருபது வருசத்துக்கு அப்புறம் எங்க பிள்ளைகள் எங்கே வீடு கட்டும் என்ற கேள்விக்கு, “அதெல்லாம் மேல முடிவு பண்றதுப்பா” என்று பதில்.

இந்த இடத்தில் நம்மையும் விமர்சனம் செய்துகொள்ள வேண்டும். தலித் இலக்கியம் சேரியை எழுதியது. தெருவை, பசியை, வசவை, கொண்டாட்டத்தை எழுதியது. சேரி எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற பிரதியை நாம் இலக்கியம் இல்லை என்று ஒதுக்கிவிட்டோம். இருக்கிற பிரதிகளிலேயே அதிகச் செல்வாக்குள்ள பிரதி அது. நாவலைப் படிக்காமல் இருந்தால் யார் வீடும் இடியாது.

வருவாய்த்துறைக்காரர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு’. ஆற்றங்கரை, குளக்கரை, வாய்க்கால் ஓரம் என்று நம் சனம் குடியிருக்கிற எத்தனையோ இடங்களுக்கு அந்தப் பெயர். அங்கே ஆட்சேபிக்கிறவர் அரசு, ஆட்சேபிக்கப்படுகிறவர் நாம். ஆனால் 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அதே சொல் இன்னொரு பக்கம் திரும்பி நிற்கிறது. முழுமைத் திட்ட வரைவை வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தந்து, எழுத்து மூலம் ஆட்சேபணை கேட்க வேண்டும் என்கிறது. அந்த இரண்டு மாதம் மட்டும் ஆட்சேபணை நம்முடைய சொல். எத்தனை காலனியிலிருந்து அப்படி ஒரு தாள் போயிருக்கும்?

நாங்கள் ஒன்று செய்தோம். காலனிப் பிள்ளைகள் பத்துப் பேர் நோட்டும் நீளக் கயிறும் எடுத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தார்கள். குழாய், சாக்கடை, பட்டா இல்லாத வீடு, குடும்பம் பெருகினால் கட்டுவதற்கு இருக்கிற காலியிடம் எல்லாவற்றையும் குறித்தார்கள். சுடுகாட்டுப் பாதை எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்பதைப் பெரியம்மா கூடவே நடந்து காட்டியது. யாரைத் தூக்கிக்கொண்டு போனபோது எந்த இடத்தில் இறக்கிவைத்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. அதையும் எழுதினோம். அது சாட்சியம், அதுவே சர்வேயும். கீழே 84 கையெழுத்து, 31 கைநாட்டு. மனுவாகக் கொடுத்து, ரசீது வாங்கி வைத்திருக்கிறோம்.

கல் இன்னும் பிடுங்கப்படவில்லை. ஆனால் பாதை இல்லை என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது, எங்க பக்கமும் ஒரு காகிதம் இருக்கிறது. இந்த இதழில் தங்கள் ஊரை எழுதுகிற தோழர்கள் எழுதி முடித்ததும் அதில் ஒரு பிரதியை ஊராட்சிக்கும் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தலைப்பு தேடி அலைய வேண்டாம். மேலே ‘ஆட்சேபணை’ என்று எழுதினால் போதும்.