கடவுச்சொல் காதலுக்குச் சாட்சியா?

"மறைக்க ஒன்றும் இல்லையென்றால் போனைக் கொடுக்க என்ன தயக்கம்?" பாளையங்கோட்டைக் கல்லூரி வாசல்களில் முன்பே இருந்த கேள்விதான். 2022 நவம்பரில் வந்த 'லவ் டுடே' படம் அதற்கு ஒரு மரியாதையைக் கொடுத்துவிட்டது. கல்யாணம் வேண்டுமானால் ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ளுங்கள் என்று பெண்ணின் அப்பா சொல்வதுதான் கதை. படம் கடைசியில் நம்பிக்கையின் பக்கம் நிற்கிறது என்று வாதாடுகிறார்கள். நிற்கட்டும், அதற்குமுன் துருவிப் பார்ப்பதன் ருசியை இரண்டு மணி நேரத்துக்குமேல் ஊட்டிவிடுகிறதே!

போனால் விளைந்த நன்மையை மறுக்கவில்லை. வளைகுடாவுக்குப் போன கணவனின் கடிதத்துக்காக ஒருகாலத்தில் காத்திருந்த மேலப்பாளையத்துப் பெண்கள் இன்று தினமும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். சாதி பார்க்கும் ஊரில் இருவர் மனம்விட்டுப் பேச அதுவே வழி. ஏமாற்றுகிறவர்கள் சிலர் மாட்டிக்கொள்வதும் உண்மை.

என் நெடுநாள் மறுப்பு ஒன்றுதான்: சோதனை சந்தேகத்தைத் தீர்ப்பதில்லை, வளர்க்கிறது. பாபநாசம் பஸ்ஸில் ஏறும் பெண்ணிடம் "லைவ் லொகேஷன் போடு" என்கிறான் காதலன். வீரவநல்லூர் பக்கம் புள்ளி நகராமல் நின்றால் உடனே அழைப்பு: "அங்கனயே எதுக்கு நிக்க?" சிக்னல் இல்லை என்ற பதிலை அவன் நம்புவதில்லை; பக்கத்துச் சீட்டில் யார் என்று காட்டச் சொல்கிறான். பார்த்ததும் பதற்றம் சற்று அடங்கும். அந்த நிம்மதியே மறுபடி பார்க்கச் சொல்லும். பிறகு பார்க்காத பத்து நிமிடமும் பொறுக்காது. பதற்ற நோய்களில் உளவியலாளர்கள் காணும் சுழல் இதுதான். 2014-ல் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்த பிறகு, படித்தும் பதில் போடாதிருப்பதே குற்றமாகிவிட்டது.

போனில் இருப்பது ஒருவருடைய அந்தரங்கம் மட்டுமல்ல. வீட்டுக் கடனைச் சொல்லித் தோழி அழுத குரல்பதிவும் அதில்தான் இருக்கிறது. அதைத் திறந்து காட்டக் காதலிக்கே உரிமையில்லை. பிரிந்தபின் மிரட்டலாகத் திரும்புவதும் போனைத் துருவும்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்தான். காதலின் பேரில் வெட்டு விழும் மண்ணில் அது உயிர்ப் பிரச்சினை.

மனைவிக்குத் தெரியாமல் கணவன் எடுத்த அழைப்புப் பட்டியலை 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சாட்சியாக ஏற்க மறுத்தார். தம்பதிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு என்றார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு விவாகரத்து வழக்கில் ரகசியப் பதிவுகளை அனுமதித்தது; ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டதென்றால் அதுவே உறவு முறிந்ததன் அறிகுறி என்றது. மதுரை சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் டெல்லித் தீர்ப்பைக் கையில் எடுப்பவர்களும் அதை முழுதாகப் படிக்கட்டும். முறிந்த திருமணத்தின் அறிகுறி என்று நீதிமன்றம் காட்டியதை, தொடங்கும் காதலுக்கு நிபந்தனையாக்குவது என்ன நியாயம்?

கடவுச்சொல்லைத் தர மாட்டேன் என்று சொல்வது துரோகமல்ல. சந்தேகம் வந்தால் முகம் பார்த்துக் கேளுங்கள். பதிலை நம்ப முடியவில்லையென்றால் பிரிந்துவிடுங்கள். போனைத் துருவி எந்தக் காதலும் பிழைத்ததில்லை.