அட்டையைத் தெரிந்தவர் எழுதிய புத்தகம்

1344ஆம் ஆண்டு பாவாத மலை ஏறிய இப்னு பதூதா, தமது பயண நூலில் அட்டையைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். நீரோரப் புல்லிலிருந்தும் மரத்திலிருந்தும் மனிதர்மீது தாவி ஒட்டிக்கொள்ளும் என்றும், இந்நாட்டவர் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்து அதன்மேல் பிழிவார்கள், உடனே கழன்று விழும் என்றும் குறிப்பு. மலையில் பிடித்து ஏறுவதற்கான இரும்புச் சங்கிலிகளையும் அவர் விட்டுவிடவில்லை. அந்த நூலில் அவர் உண்மையில் போய்ப் பார்த்தாரா என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கும் இடங்கள் சில உண்டு. இந்தப் பகுதியை மஸ்கெலியாவில் யாருக்கு வாசித்துக் காட்டினாலும் சந்தேகம் வராது. "வந்திருக்கிறார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர் இன்றும் காலில் எதையாவது பூசிக்கொண்டுதான் போகிறார்.

ஒரு நூலை எங்கள் பக்கத்து வாசகர் எப்படி நிறுக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. என் கடையின் பின்பக்கம் ஓர் அலுமாரி இருக்கிறது. பல வருடங்களாக அதிலுள்ள புத்தகங்களைக் கேட்பவர்களுக்குக் கொடுத்து வாங்குகிறேன். பெயரேட்டைப் புரட்டினால் அதிகம் வெளியே போய் வருபவை மூன்று வகை: சினிமாக் கலை பற்றியவை, சித்திரம் பற்றியவை, பட்ட கஷ்டத்தைச் சொல்பவை. முதலில் இது எனக்கு விநோதமாகவே பட்டது. மூன்றுக்கும் என்ன சம்பந்தம்? திருப்பிக் கொடுக்கும்போது அவர்கள் சொல்வதைக் கேட்கக் கேட்கத்தான் மூன்றையும் ஒரே கேள்வியோடு வாசிக்கிறார்கள் என்பது விளங்கிற்று. எழுதியவர் எங்கே நின்று பார்த்தார் என்பதே அந்தக் கேள்வி.

கைப்பேசியில் குறும்படம் எடுக்கும் ஓட்டோக்காரத் தம்பி ஒருவன் உண்டு. படப்பிடிப்பு வகைகளை விளக்கும் கைநூல் ஒன்றை எடுத்துப்போய் இரண்டாம் நாளே கொண்டுவந்து வைத்தான். "ஷொட்டு பேரெல்லாம் இருக்குங்க நானா. எதுக்கு அந்த ஷொட்டுன்னுதான் இல்ல" என்றான். அதே தம்பி செழியனின் 'உலக சினிமா'வை நான்கு மாதம் வைத்திருந்தான். ஆனந்த விகடனில் தொடராக வந்து நூலான அக்கட்டுரைகளில் தொழில்நுட்பப் பாடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. படம் காட்சி காட்சியாகச் சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் படங்களைப் பார்க்க வழியில்லாதிருந்த ஒரு தலைமுறை, வாசித்தே அவற்றைப் பார்த்தது. எந்தப் பொருள் எப்போது கண்ணில் படுகிறது என்ற வரிசையை அந்த எழுத்து கற்றுக் கொடுத்தது. கலைநூல் என்றால் கலைச்சொற்களின் பட்டியல் என்று நினைக்கும் நம் பதிப்பாளர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

தம்பிஐயா தேவதாஸின் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை'யும் அலுமாரியில் நிற்பதே இல்லை. 1962இல் 'சமுதாயம்', 1963இல் தோட்டத்தைக் கதைக்களமாகக் கொண்ட 'தோட்டக்காரி', 1975இல் 'புதிய காற்று' என்று நம் படங்களின் வரலாறு அதில் இருக்கிறது. 'புதிய காற்று' தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து நடித்த படம். எழுத்து தெளிவத்தை ஜோசப்; இயக்கம் எஸ். ராமநாதன், இசை டி. எப். லத்தீப். நம்மவர் பெயர் ஒன்று அந்தப் பட்டியலில் இருப்பதை இங்கு பலர் அறியார்கள். 'காலங்கள் சாவதில்லை' நாவலை 1974இல் தந்த ஜோசப், அடுத்த ஆண்டே திரைக்கு எழுதினார் என்பதை வாசகர்கள் ஆவலோடு வாசிக்கிறார்கள். படத்தை மீண்டும் பார்க்கக் கிடைப்பது அரிது என்பதால் புத்தகமே படத்தின் இடத்தில் நிற்கிறது.

சித்திரத்துக்கு வருகிறேன். உருவம் வரைதல் பற்றி நம் வீடுகளில் ஒரு தயக்கம் உண்டு. மார்க்கத் தீர்ப்பு சொல்வது என் வேலையல்ல. ஆனால் இந்தத் தயக்கத்தில் ஒரு நன்மையைக் கண்டிருக்கிறேன். முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கும் பழக்கம் நம் வாசகருக்கு வந்துவிடுகிறது. தேயிலைத் தோட்டப் படம் என்றால் நாட்காட்டிக்காரர் முதலில் வரைவது சிரிக்கும் பெண்ணின் முகம். தோட்டத்தவர் முதலில் பார்ப்பது கூடைக் கயிற்றை. தலையில் மடித்துப் போட்ட துணியின் மேல் கயிறு விழுந்து, பாரம் முதுகில் இறங்க வேண்டும். கூடையை இடுப்பில் ஒயிலாகச் சாய்த்து வரைந்தவர் மலைப்பக்கம் வந்ததே இல்லை என்று அப்போதே தீர்ப்பாகிவிடும். இடுப்பில் படங்கு இருக்கிறதா, செடியின் மேல் மட்டக்கம்பு கிடக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் கவ்வாத்து வெட்டும் படமொன்றைப் பார்த்துவிட்டு, கத்தி பிடித்த கை தப்பு என்று புத்தகத்தையே மூடிவிட்டார். கடுமையான விமர்சகர்தான். ஆனால் அளவுகோல் சரியானது.

மலையகத்தில் சித்திரக்காரரும் எழுத்தாளரும் பலமுறை ஒரே ஆளாக இருந்திருக்கிறார்கள். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கிய சக்தீ அ. பால ஐயா ஓர் ஓவியர். தலவாக்கலைப் பக்கத்து மல்லிகை சி. குமார் கவிதையும் கதையும் எழுதினார், தூரிகையும் பிடித்தார். 2020இல் அவர் காலமானபோது எழுதப்பட்டவை பெரும்பாலும் அவரது கஷ்டத்தைப் பற்றியே இருந்தன. அந்தக் கைக்கு என்ன தெரிந்திருந்தது என்பதையும் யாராவது விரிவாக எழுதியிருக்கலாம்.

வெளியுலகில் சத்யஜித் ராயை நினைத்துக்கொள்ளலாம். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் சித்திரம் படித்தவர், 1940களில் ஒரு பதிப்பகத்துக்காகப் 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்தார். அப்படி வரையும்போதுதான் இதைப் படமாக்கலாம் என்ற எண்ணம் விழுந்தது. பிறகு காட்சிகளைத் தாளில் கோடுகளாகப் போட்டு வைத்துக்கொண்டு பணம் தேடி அலைந்தார். 1955இல் படம் வந்தது. வறுமையைக் காட்டும் அந்தப் படத்தில் அழுகை மிகக் குறைவு. பாத்திரமும் சுவரும் துணியும் வரைந்து பழகிய கண்ணுக்கு அழுகையை நம்பியிருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இனி மூன்றாம் வகைக்கு, அதாவது கஷ்டத்துக்கு. இங்கேதான் நான் சற்று நிற்க வேண்டும்.

பி. எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். அங்கே முதியவர்களிடம் கேட்டறிந்தவற்றை வைத்து 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' நாவலை எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்க, 2007இல் வந்தது. இங்கு அந்த நூலின் ஒரு பிரதி அட்டை கிழிந்து, இரண்டு முறை தைக்கப்பட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. (புத்தக அட்டையைச் சொல்கிறேன்.) வால்பாறை வேறு, மஸ்கெலியா வேறு. சொற்களும் கொஞ்சம் வேறு. ஆனாலும் எங்கள் ஆட்கள் அதைத் தங்கள் கதையாகவே வாசித்தார்கள். மருத்துவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. காய்ச்சல் எப்படி வருகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கூலியில் எது எதற்காகக் கழிக்கப்படுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். கருப்பனும் வள்ளியும் அழும் இடங்களைவிட, முன்பணம் எப்படிக் கடனாக மாறி வளர்கிறது என்று விளக்கும் இடங்களைத்தான் வாசகர்கள் கோடிட்டு வைத்திருக்கிறார்கள். பிரதியைப் பார்த்துவிட்டே சொல்கிறேன்.

அந்த நாவலைத் தழுவி பாலா எடுத்த 'பரதேசி' 2013 மார்ச்சில் வெளிவந்தது. ஒளிப்பதிவு செழியன். 'உலக சினிமா' எழுதிய அதே செழியன் என்று அறிந்ததும் எங்கள் ஓட்டோக்காரத் தம்பிக்கு நிலைகொள்ளவில்லை. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அவருடையதாகவே இருக்க வேண்டும்: பச்சையை வற்றவைத்து, மண்ணும் சாம்பலுமான நிறத்தில் தோட்டத்தைக் காட்டியது. தேயிலையின் பச்சைதான் உலகத்தின் கண்ணைக் கட்டுகிறது. உல்லாசப் பயணி அதைத்தான் படம் பிடித்துப் போகிறான். லயத்துக் காம்பராவின் வாசலிலிருந்து பார்க்கிறவருக்கு அது அவ்வளவு பச்சையாகத் தெரிவதில்லை.

வருட முடிவில் கணக்குத் தீர்க்கும் காட்சியும் அப்படித்தான். கழிவு, கழிவு என்று சொல்லிக்கொண்டே வந்து, உழைத்தவன் கையில் கடனை வைத்து அனுப்புகிறார்கள். என்னோடு படம் பார்த்தவர்களில் ஒருவரும் அந்த நேரத்தில் பேசவில்லை. நாயகன் பாறைமேல் நின்று கதறும் முடிவில் சிலர் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். இயக்குனர் நம்பியது கதறலை. எங்கள் வாசகர் நம்பியது கணக்கை.

நாவலில் மக்களுக்காகப் போராடும் மருத்துவர், படத்தில் ஆடிப்பாடி மதம் பரப்பும் கோமாளியாகிவிட்டதை அப்போதே பலர் கண்டித்தார்கள். தமிழ்த்திரையில் தன் அடையாளம் எப்படிக் காட்டப்படுகிறது என்று அனுபவித்து அறிந்த எந்த முஸ்லிம் வாசகருக்கும் அந்தப் பாட்டு உறுத்தாமல் இராது. இன்னொன்று: படம் வருமுன் இயக்குனர் நடிகர்களைத் தடியால் அடித்து நடிப்பு வாங்குவதுபோல ஒரு காணொளியை வெளியிட்டார்கள். அது போலித் தடி என்று பிறகு விளக்கம் வந்தது. போலியோ நிஜமோ, படம் எடுத்தவர்களின் கஷ்டத்தைக் காட்டித் தோட்டத்தவரின் கஷ்டத்தை விற்கலாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். கலைநூல்களிலும் இந்த வியாதி உண்டு. பட்டினி கிடந்தேன், பெஞ்சில் படுத்தேன் என்று முந்நூறு பக்கம் எழுதிவிட்டு, கற்றது என்ன என்பதற்கு மூன்று பக்கம் ஒதுக்குகிறவர்களின் புத்தகங்கள் என் அலுமாரியில் தூசியோடு இருக்கின்றன.

இவ்வளவும் சொன்னது நமக்கு நாமே ஒன்றைக் கேட்டுக்கொள்வதற்காக. மலையகத்தைப் பற்றி முஸ்லிம் எழுத்தாளர்கள் எழுதும் கதைகள் நம் ஏடுகளில் தொடர்ந்து வருகின்றன. லயம், மழை, பசி, கங்காணி, கண்ணீர் எல்லாம் இருக்கும். மாத்தளைத் தோட்டப்புறத்தில் பிறந்து இஸ்லாத்துக்கு வந்த அல் அஸூமத் 'அறுவடைக் கனவுக'ளில் தோட்டத்தை எழுதும்போது அவருக்கு அந்த உரிமை பிறப்போடு வந்தது. நம்மில் மற்றப் பெரும்பாலோருக்கு அப்படியல்ல. மஸ்கெலியாவிலும் அட்டனிலும் பொகவந்தலாவையிலும் நம்மவரின் இடம் பெரும்பாலும் கடைத்தெரு. லயத்துக்குள் நாம் படுத்ததில்லை. ஆனால் சம்பள நாளன்று லயம் முழுவதும் நம் முன்னால் வந்து நின்றது. அந்த மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதை நம் கதைகள் எழுதுவதில்லை. கதையில் நானா கடை வந்தால் அது இரண்டு வரியில் கடந்துபோகும். முதலாளி ஒன்றில் இரக்கமுள்ளவர், இல்லையேல் அவர் அங்கு இல்லவே இல்லை.

கமரா எங்கே நிற்கிறது என்று சினிமா நூல்களில் வாசிக்கிறோம். நம் கதைகளிலும் அதைக் கேட்க வேண்டும். ஆற்றின் அக்கரையில் நின்றுகொண்டு இக்கரை லயத்துக்குள் நிற்பதாக எழுதும்போதுதான் கண்ணீர் அதிகமாகிறது.

என் வாப்பாவின் கடன் கொப்பிகள் சில என்னிடம் இருக்கின்றன. மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, பழைய மஸ்கெலியா பஸார் 1960களின் இறுதியில் தண்ணீருக்கடியில் போனபோது, மேட்டுக்குக் கொண்டுவந்த சாமான்களோடு வந்தவை அவை. அதற்குப் பிந்தியவையும் உண்டு. பக்கத்துக்கு ஒரு பெயர். கீழே அரிசி, மா, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், வெற்றிலை. சம்பள நாளில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. வர்ணனை ஒரு சொல்கூட இல்லை. 1973, 74 பஞ்சகாலத்துப் பக்கங்களில் முதலில் அரிசி குறைகிறது. பிறகு மா இல்லாமல் போகிறது. சில பக்கங்களில் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து ஒரே ஒரு பொருள்தான். கடன் எப்போது நிறுத்தப்பட்டது என்பதும், யாருக்கு நிறுத்தப்பட்டது, யாருக்குத் தொடர்ந்தது என்பதும் தெளிவாகத் தெரிகிறது. வாப்பாவுக்குப் பெருமை சேர்க்கும் பக்கங்களும் உண்டு, சேர்க்காதவையும் உண்டு. 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களின் பெயருக்கு எதிரே 'போய்விட்டார்' என்று இருக்கிறது. லயத்திலேயே இறந்தவர்களுக்கும் அதே சொல்.

ஓட்டோக்காரத் தம்பி அதில் ஒரு கொப்பியைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறான். அவனுடைய பாட்டனின் பக்கமும் அதில் உண்டு. அதை வைத்துப் படம் எடுக்கப்போகிறானாம். மற்றவர்களின் பெயரை மறைத்துவிடு, கடைக்காரரின் பெயரை மறைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.