'அல்லது' என்ற சொல்லும் நிலக்கடலை இலையும்

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் ஓர் உரக்கடைச் சுவரில் துண்டுப் பிரசுரம் ஒன்று ஒட்டியிருந்தது. நிலக்கடலையைத் தாக்கும் டிக்கா நோய், அதாவது இலைப்புள்ளி நோய், தென்பட்டவுடன் கார்பண்டசிம் அல்லது மான்கோசெப் தெளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த வாக்கியத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். கையேடுகளிலும் வானொலி உரைகளிலும் நாளிதழ்களின் வேளாண் பகுதியிலும் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருவதுதான். அதில் கொடுத்திருந்த அளவுகளில் பிழை ஏதும் இல்லை. எனக்கு வழக்கு இரண்டே சொற்களோடுதான்: ஒன்று 'தென்பட்டவுடன்', மற்றொன்று 'அல்லது'.

முதல் சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். டிக்கா நோய்ப் பூசணத்தின் வித்து, ஈரம் படிந்த இலைமேல் முளைத்து உள்ளே புகுகிறது. புகுந்த இடத்தில் நம் கண்ணுக்குப் புள்ளி தெரிய ஏறக்குறைய 10 முதல் 14 நாட்கள் ஆகும். ஆகவே புள்ளியை நாம் காணும் நாளில் அடுத்த அணி வித்துகள் பல இலைகளுக்குள் ஏற்கெனவே குடிபுகுந்திருக்கும். மான்கோசெப்போ இலையின் மேற்பரப்பில் தங்கி நிற்பது, உள்ளே போகாது. அது நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தன்று, நோய் வருமுன் அணியும் கவசம். ஆனால் நம் பேச்சில் எல்லாமே 'மருந்து'. பூச்சிக்கும் மருந்து, களைக்கும் மருந்து, பூசணத்துக்கும் மருந்து. மருந்து என்றால் காய்ச்சல் வந்த பிறகு குடிப்பது என்றுதானே விவசாயி எண்ணுவார்? சட்டமும் இதில் உதவவில்லை. பூசணக்கொல்லிகளையும் களைக்கொல்லிகளையும் சேர்த்து ஆளும் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே பூச்சிக்கொல்லிச் சட்டம்தான்!

இன்னொரு குழப்பமும் உண்டு. அறுவடை நெருங்கும்போது கடலைச் செடி இலை உதிர்ப்பதைப் பலர் முற்றியதற்கு அடையாளம் என்று கொள்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் பின்பருவ இலைப்புள்ளியின் வேலை. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஏறக்குறையக் கறுப்பாகப் புள்ளிகள் இருந்தால் அது முதிர்ச்சி அல்ல, நோய். இலை போனால் காய்க்கு உணவு போயிற்று. இந்நோயும் துருநோயும் சேர்ந்து தாக்கினால் விளைச்சலில் பாதிக்கு மேல்கூட இழக்க நேரிடும்.

இனி 'அல்லது'. இதுதான் பெரிய குற்றவாளி.

கார்பண்டசிம், மான்கோசெப் இரண்டும் பூசணத்தைக் கொல்கின்றன. ஆனால் கொல்லும் முறையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கார்பண்டசிம் செடிக்குள் ஊடுருவி, பூசண உயிரணுவில் டியூபுலின் என்ற ஒரே ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. உயிரணு பிரியும்போது மரபிழைகளை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்குழல்கள் அந்தப் புரதத்தால் ஆனவை. அதைப் பிடித்தால் உயிரணு பிரிய முடியாது, பூசணம் வளராது. அழகான ஏற்பாடு. ஆனால் ஒரே பூட்டு. அந்தப் புரதச் சங்கிலியில் 198-ஆவது இடத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம் மாறினாலே போதும். கார்பண்டசிம் பற்றிக்கொள்ள இடமில்லாமல் போகும். கோடிக்கணக்கான வித்துகளை உற்பத்தி செய்யும் ஓர் உயிரினத்தில் அப்படி மாறிய ஒன்றிரண்டு எப்போதும் இருக்கவே செய்யும். நாம் தெளிக்கத் தெளிக்க மற்றவை மாண்டுபோக, அந்த ஒன்றிரண்டு வயலை ஆளத் தொடங்குகின்றன. மான்கோசெப் அப்படியல்ல. பூசணத்தின் பல நொதிகளை ஒரே சமயத்தில் தாக்குகிறது. பத்துப் பூட்டையும் ஒருங்கே மாற்றிக்கொள்வது பூசணத்துக்கு எளிதன்று.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று, நடந்த கதை. பெனோமில் என்ற பூசணக்கொல்லி 1968-இல் வெளிவந்தது. செடியில் சேர்ந்ததும் அது கார்பண்டசிம்மாகவே மாறிவிடும். எனவே பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. அமெரிக்காவின் அலபாமா, ஜார்ஜியா மாநிலங்களில் கடலை விவசாயிகள் அதை ஆவலோடு வரவேற்றார்கள். சில பருவங்களுக்குள்ளேயே வயலில் இலைப்புள்ளி அடங்க மறுத்தது. பெனோமிலுக்கு அடங்காத பூசணம் அங்கு பரவிவிட்டதை 1974-இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். பிறகு அவர்களைக் காப்பாற்றியது குளோரோதலோனில் என்னும் பல்முனைக் கவசமே. நம் கண்டிகை வயலில் உள்ளது அதே பூசணம், நம் உரக்கடையில் உள்ளது அதே வேதிப்பொருளின் வாரிசு என்பதை நினைவிற்கொள்ளுங்கள். (பெனோமிலை இந்திய அரசு 2018-இல் தடைசெய்தது, அந்தப் பட்டியலில் கார்பண்டசிம் இல்லை.)

இதைவிட நீண்ட பாடம் ஸ்ட்ராபெரித் தோட்டங்களில் இருக்கிறது. கடலைக்கும் ஸ்ட்ராபெரிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். நம் வெயிலில் அது விளையாது என்பது மெய்யே. மகாராஷ்டிரத்தின் மகாபலேசுவரத்திலும் நம் கொடைக்கானல், உதகைப் பக்கங்களிலும்தான் பயிராகிறது. ஆனால் பூசணக்கொல்லியின் சரித்திரத்தை அறிய அதைவிட நல்ல பயிர் கிடையாது. அதைத் தாக்கும் சாம்பல் பூசணம் பூவிலேயே நுழைந்து, பழம் சிவக்கும்வரை ஓசைப்படாமல் உறங்குகிறது. பழத்தின்மேல் சாம்பல் நிற மயிர் படர்ந்த பிறகு எதைத் தெளித்தாலும் பயனில்லை. 'தென்பட்டவுடன்' என்ற சொல் அங்கே செல்லாக்காசு. எனவே பூக்கும் காலம் முழுவதும் வாரந்தோறும் தெளித்தார்கள். பெனோமில் சில ஆண்டுகளில் தோற்றது. அடுத்தடுத்து வந்த ஒருமுனைப் பொருள்களும் ஒவ்வொன்றாய்த் தோற்றன. இன்று புளோரிடா போன்ற இடங்களில் பல வகைக் கொல்லிகளுக்கு ஒருசேர அடங்காத சாம்பல் பூசணம் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவே பழைய பல்முனைப் பொருள்களான கேப்டானும் திராமும் இன்னும் பெருமளவு வேலை செய்கின்றன.

அங்கே என்ன செய்தார்கள்? இரண்டு காரியங்கள். ஒவ்வொரு பொருளுக்கும், அது பூசணத்தை எங்கே தாக்குகிறது என்பதைப் பொறுத்து ஒரு குழு எண் கொடுத்தார்கள். 1981-இல் தொடங்கிய ஒரு பன்னாட்டுக் குழு அந்த எண்களைப் பராமரிக்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்த எண்ணை உறைமேலேயே காணலாம். ஒரே எண்ணைத் தொடர்ந்து தெளிக்காதே என்பதுதான் கணக்கு. வேதியியல் தெரிய வேண்டியதில்லை, எண் படிக்கத் தெரிந்தால் போதும். இரண்டாவதாக, வெப்பநிலையையும் இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருந்தது என்பதையும் அளந்து, ஆபத்தான நாட்களில் மட்டும் தெளிக்கச் சொன்னார்கள். புளோரிடா பல்கலைக்கழகத்தின் அந்த முறை, தெளிப்புகளை ஏறக்குறைய பாதியாகக் குறைக்க முடியும் என்று காட்டியது.

நம் ஊர் உறைகளில் முக்கோண நிறம் கண்ணில் படும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த வரிசை, உடனடி நஞ்சின் கடுமையைச் சொல்வது. அது தேவையே. ஆனால் நீண்ட நாளில் உடலுக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. 2020 மே மாதம் மத்திய அரசு தடைசெய்யக் கருதி வெளியிட்ட 27 பொருள்களின் வரைவில் கார்பண்டசிம், மான்கோசெப் இரண்டுமே இருந்தன. இரண்டுமே உடனடி நஞ்சில் குறைந்தவை! எதிர்ப்புத் திறனைப் பற்றியும் அந்த நிறம் ஒன்றும் பேசாது. நான் புரட்டிப் பார்த்த உறைகளில் குழு எண்ணைக் காணவில்லை.

பிரசுரம் எழுதியவர் பக்கமும் நியாயம் உண்டு. இடம் குறைவு; கடையில் ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்றையாவது வாங்கட்டும் என்ற நல்லெண்ணமும் இருக்கலாம். கடைக்காரரிடம் "இந்த ரெண்டுல எதைக் குடுப்பீங்க?" என்று கேட்டேன். "எது கையில இருக்கோ அதுதான் சார்" என்றார். அவர் பிரசுரத்துக்கு விரோதமாக எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் கலந்து, 12 சதம் கார்பண்டசிம்மும் 63 சதம் மான்கோசெப்பும் உள்ள தூளும் விற்கிறது. தனிக் கார்பண்டசிம்மைவிட அது மேல். ஆனால் வயலில் எதிர்ப்புப் பூசணம் வந்துவிட்டால், அந்தத் தூளில் உழைப்பது மான்கோசெப் மட்டுமே. கூட வருவது காசுக்குக் கேடு.

அந்தப் பிரசுரத்தை நான் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: சென்ற பருவத்துக் கடலைக் கட்டைகளையும் தானாய் முளைத்த செடிகளையும் அகற்றுங்கள், கடலைமேல் கடலை போடாதீர்கள். விதைத்த 30-ஆம் நாளிலிருந்து அடி இலைகளைத் திருப்பிப் பாருங்கள். மழையும் பனியும் தொடர்ந்தால், அல்லது முதல் சில புள்ளிகள் கண்டால், மான்கோசெப்பை இலையின் இருபுறமும் படும்படி தெளியுங்கள். கார்பண்டசிம்மைத் தனியாகத் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டாம்.

ஆறேழு வரிகள்தாம். இடமில்லை என்பார்களோ என்று மறுபடி அந்தச் சுவரைப் பார்த்தேன். பிரசுரத்தின் கீழ்ப்பாதி முழுவதும், கைநிறையக் கடலைக் கொத்தோடு சிரிக்கும் ஒரு விவசாயியின் வண்ணப்படம் இருந்தது.